மாங்காயின் மூக்கு

காஞ்சிபுரம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறிவிட்டது, இரண்டு நாளாகத் தறி ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வருடப் பிள்ளைகளுக்கு லேஅவுட் சொல்லித்தர நம் புடவைக் கரைகளின் போட்டோ கேட்டாய். அனுப்புகிறேன். ஆனால் முதல் நாளே காட்டிவிடாதே. அன்னத்தையும் யாளியையும் பார்த்து அப்படியே வரைந்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். முதலில் கட்டம் போட்ட தாளைக் கொடு. குறுக்கே ஒரு கட்டம், பாவு நூலைத் தூக்குகிற ஒரு கொக்கி; நெடுக்கே ஒரு கட்டம், எந்தக் கொக்கி ஏற வேண்டும் என்று ஓட்டை குத்தின ஓர் அட்டை. நம் தறிமேல் இருக்கிற கரை ஜக்கார்டுப் பெட்டியில் 240 கொக்கி; அன்னத்தின் கழுத்து எவ்வளவு வளைந்தாலும் அதற்குள் அடங்க வேண்டும். கட்டத்தை நிரப்பலாம், விடலாம், பாதி நிரப்ப முடியாது. இப்படி ஒரு மாங்காய் போடச் சொல். வளைவு படிப்படியாகத்தான் இறங்கும். எங்கே ஒரு கட்டம் தள்ளுவது, எங்கே இரண்டு என்று கொஞ்ச நேரம் திண்டாடட்டும்.

பிறகு அந்த மாங்காயை இருபது பிரதி எடுத்து ஒரு தாளில் அடுக்கச் சொல். ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன், சொந்தத் தறி போட்ட புதிதில். மூக்கெல்லாம் இடப்பக்கம். தறியில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதலாளி தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னய்யா, புடவையே ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போவுது?" என்றார். கூலியிலும் பிடித்துக்கொண்டார். அடுத்த புடவைக்கு ஒரு வரி விட்டு ஒரு வரி மூக்கைத் திருப்பினேன். மேல்வரி இடைவெளிக்கு நேர் கீழே மாங்காய் வரும்படி அட்டை குத்த வைத்தேன். புட்டா, அதாவது அந்த மாங்காய் உரு, அதேதான், எண்ணிக்கையும் அதேதான். அதே முதலாளி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

புடவையின் உடல் காலியாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் தாளைக் கொசுவம் மாதிரி மடிக்கச் சொல். மடிப்புக்குள் போகிற இடத்தில் ஜரிகையைக் கொட்டி யாருக்கு லாபம்? முதுகில் விழுகிற முந்தியில்தான் மொத்தக் கண்ணும் நிற்கும்.

கோர்வையையும் மறக்காதே, கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்ப்பதை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகிற கரை நாடாவைத் தள்ளுவாளே, மூன்று நாடாவில் ஒன்று அவளுடையது. அரக்கு உடலுக்குள் பச்சைக் கரை கோபுரம் கோபுரமாக ஏறி நிற்பதை நேர்கோட்டுக் கரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டு. இரண்டு நிறம் சேருகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களே சொல்லட்டும், நீ முந்திக்கொள்ளாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பரணில் பழைய அட்டைக்கட்டு ஒன்று கிடக்கிறது. வேண்டுமென்றால் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் எலி கடித்திருக்கிறது. எலி போட்ட ஓட்டை எது, நாங்கள் போட்டது எது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

அப்பா