முப்பத்தெட்டுப் பேர் கேட்ட மாலை

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. பரிசோதனை இசை நிகழ்ச்சி முடியட்டும், நடந்ததை நடந்தபடியே எழுதலாம் என்று பதிலைத் தள்ளி வைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை அது நடந்து முடிந்தது. திருச்சியில் நீயும் இப்படி ஒரு மாலையை நடத்த நினைப்பதாக எழுதியிருந்தாய். நாற்பது பேர்கூட வராத இசைக்கு இவ்வளவு உழைப்பு தேவைதானா என்றும் கேட்டிருந்தாய். தேவைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் உழைப்பு எங்கே போகிறது என்பதை நான் முன்பு தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். கலைஞர்களைத் தேடிப் பிடிப்பதும் கூட்டம் சேர்ப்பதும்தான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு மாதத்தின் பெரும்பகுதி ஓர் அறையை அமைதியாக்குவதில் கழிந்தது.

மூன்று கலைஞர்கள். ஓர் இளம்பெண், எவர்சில்வர் பாத்திரங்களின் அடியில், பொருளின் அதிர்வைத் தொட்டே எடுக்கும் காண்டாக்ட் மைக் ஒட்டி, அவற்றின் மேல் மணலையும் அரிசியையும் மெல்ல உதிர்த்து இசைப்பவர். இன்னொருவர், ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, வெளியிலிருந்து எந்த ஒலியும் நுழையாமல், கருவிக்குள் இருக்கும் மின் இரைச்சலையே வளர்த்தும் வளைத்தும் வாசிப்பவர். மூன்றாமவர் மாயவரம் பக்கத்திலிருந்து வந்த ஒத்து வாசிப்பவர். ஒத்து என்றால் உனக்குத் தெரியும்: நாகசுரத்தைப் போலவே இருந்து, விரல் துளைகள் இல்லாமல், சுருதியை மட்டும் மூச்சறாது பிடித்து நிற்கும் குழல். சுருதிப் பெட்டி வந்த பிறகு மேளத்திலிருந்து அது பெரும்பாலும் விலகிவிட்டது. வாழ்நாளெல்லாம் பிறர் வாசிப்புக்குப் பின்னால் நின்ற ஒரு குழலை ஒரு மாலையில் நடுவில் வைத்துக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான், வெளிப்படையாகச் சொன்னால், இந்த நிகழ்ச்சிக்கே முதற்காரணம்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். உனக்கு மிகவும் பயன்படப் போவது அதுதான். முதலில் பேசி வைத்திருந்த மண்டபத்தார், என்ன இசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிக் கூடம் கிடைத்தது. அறுநூறு சதுர அடி இருக்கும். மரச் சன்னல்கள், எதிரும் புதிருமாகக் குடியிருப்பு வீடுகள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபலும்தான் வரம்பு. இந்த எண்ணைக் கண்டு நான் முதலில் அஞ்சினேன். பிறகு டோக்கியோவின் யோயோகி பகுதியில் 2000 முதல் 2005 வரை இயங்கிய ஆஃப் சைட் என்ற சின்னஞ்சிறு அரங்கு நினைவுக்கு வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதால் அங்கே வாசித்தவர்கள் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். டாக்கு சுகிமோட்டோ கிதாரின் ஒரு நரம்பைத் தொட்டுவிட்டு நெடுநேரம் காத்திருப்பார். மிக்சரைத் தன்னோடு தானே பிணைத்து வாசிக்கும் முறையில் பெயர் பெற்ற டோஷிமாரு நகாமுராவும் அங்கே வாசித்தவர்தான். உலகெங்கும் பேசப்பட்ட ஓர் இசைப் போக்கு உருப்பெற்றதில் அந்த மெல்லிய சுவர்களுக்கும் பங்குண்டு. ஆகவே நானும் அண்டை வீட்டாரைத் தடையாகக் கருதுவதை விட்டுவிட்டு, முந்தைய ஞாயிறன்று ஏழு வீடுகளுக்கும் நேரில் போய், என்ன நடக்கப் போகிறது, எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, விரும்பினால் வந்து உட்காரும்படி அழைத்தேன். இரண்டு வீட்டிலிருந்து வந்தார்கள்.

பந்தல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அமர்த்திவிடாதே. ஒருவர் சற்று அசைந்தாலும் அது கிறீச்சிடும். அரிசி மணி பாத்திரத்தில் விழும் ஓசையைக் கேட்க வந்தவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். நான் பவானி ஜமுக்காளங்களை விரித்தேன். கனமான துணி எதிரொலியையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டது. முதியவர்களுக்கு மட்டும் சுவரோரம் எட்டு மர நாற்காலிகள். மின்விசிறிகளை நிகழ்ச்சி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும், ஆகவே சென்னையில் இதற்குத் தை மாதத்தை விட்டால் வேறு மாதம் இல்லை. பழைய டியூப் லைட்டின் சோக்கு ரீங்காரமிட்டதால் அதையும் அணைத்து, இரண்டு மேசை விளக்குகளை வைத்தோம்.

மாலை நான்கு மணிக்கு ஸ்பீக்கர்களை இணைத்தபோது தாழ்ந்த குரலில் ஒரு ஹம் கேட்டது. கேபிளை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், போகவில்லை. ஸ்பீக்கர் ஓர் அறையின் பிளக்கிலிருந்தும் மிக்சர் மறு அறையின் பிளக்கிலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்ததே காரணம். எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே ஒலியாகக் கேட்கத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்ததும் அறை சட்டென்று நிசப்தமானது. கச்சேரி மேடையில் யார் காதிலும் விழாத ஹம் இது; இங்கே அது நான்காவது கலைஞராகவே வந்து உட்கார்ந்திருக்கும். மைக் செட்காரரைப் பற்றியும் நன்றியோடு சொல்ல வேண்டும். அவுட்புட்டை இன்புட்டில் மாட்டப் போகிறோம் என்றதும் தன் மிக்சர் போர்டு என்னாகுமோ என்று அவர் பதறினார், அது நியாயமான பதற்றம்தான். கலைஞர் தம் சொந்தச் சிறிய மிக்சரையே கொண்டுவந்திருந்தார். திடீரென்று எழும் உச்சம் ஸ்பீக்கரைக் கிழித்துவிடாதபடி நடுவில் ஒரு லிமிட்டர் வைத்தோம். அதன்பிறகு மைக் செட்காரர் கடைசிவரை கூடத்தைவிட்டு நகரவே இல்லை.

யாரை முதலில் வாசிக்க வைப்பது என்பதிலும் நெடுநேரம் யோசித்தேன். உரத்த ஒலியைக் கேட்ட காது சிறிது நேரம் மந்தமாகிவிடும். அதற்குப் பிறகு வரும் மெல்லிய ஒலி வீணாகும். ஆகவே பாத்திரங்கள் முதலில், மிக்சர் நடுவில், ஒத்து கடைசியில். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதிர்வை மின்சாரமாக்கும் பித்தளைத் தகட்டு பீசோவைத் தானே பற்றவைத்து மைக் ஆக்கிக்கொண்ட அந்தப் பெண், முதல் ஐந்து நிமிடம் மணலை மட்டுமே உதிர்த்தார். அப்போது தெருக்கோடிக் கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. எனக்கு உள்ளூர நடுக்கம். அவரோ கையை நிறுத்தி, மணி ஓயும்வரை காத்திருந்து, அது விட்ட இடத்திலிருந்து ஒரு கிண்ணத்தைத் தட்டித் தொடர்ந்தார். 1952 ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவின் ஊட்ஸ்டாக்கில், காட்டைப் பார்த்துத் திறந்திருந்த ஓர் அரங்கில், டேவிட் டியூடர் பியானோவின் முன் அமர்ந்து அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’ என்ற படைப்பை ஒரு சுரமும் ஒலிக்காமல் நிகழ்த்தினார். முதற்பகுதியில் காற்றும் இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளியும் கேட்டன என்று கேஜ் பின்னால் சொன்னார். அதைப் படித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த மணியோசைக்குப் பிறகுதான் அதை நான் காதால் அறிந்தேன்.

ஒத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அவர் பக்கத்தில் ஒரு மின் சுருதிப் பெட்டியை வைத்து, அதை ஓர் இழை விலக்கிச் சேர்த்தோம். இரண்டு ஒலிகளுக்கிடையே விநாடிக்கு இரண்டு அதிர்வுகள் வேறுபட்டால், விநாடிக்கு இருமுறை ஒலி பெருத்துச் சிறுக்கும். நம் பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதேதான். அவர் மூச்சை உள்ளே சுழற்றி, இருபத்திரண்டு நிமிடம் ஒரே சுரத்தை விடாமல் ஊதினார். உதட்டை இம்மியளவு இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் விம்மல் விரைந்தது, தணிந்தது, ஒரு கட்டத்தில் முற்றிலும் மறைந்து அறை முழுவதும் ஒரே ஒலியாயிற்று. சுவரோரம் இருந்த ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். ஒலி நின்ற பிறகு யாரும் உடனே கைதட்டவில்லை.

முடிந்ததும் சபாக்களுக்குத் தவறாமல் போகும் ஒரு பெரியவர், இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே என்று கேட்டார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அதே டியூடர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை நிறுவிக்கொடுத்ததையும், அங்கே நம்மவர்கள் 1972 வரை பதிவு செய்த நாடாக்கள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து 2023இல் இசைத்தட்டாக வந்ததையும் சொன்னேன். அதற்கும் முன்பே, 1946இல் நியூயார்க்கில் நம் நாட்டு இசைக்கலைஞர் கீதா சாராபாய் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் நோக்கம் மனத்தை அமைதிப்படுத்தித் தெய்விகத்துக்கு இடமளிப்பது என்று அவர் சொன்னதைக் கேஜ் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த முறை தேதியைச் சொல்லும்படி கேட்டுப் போனார்.

பணக்கணக்கையும் கேட்டிருந்தாய். ஆளுக்கு 300 ரூபாய், முப்பத்தெட்டுப் பேர், ஆக 11,400. நம் நண்பர்கள் நால்வர் தலா 2,500 தந்தார்கள். கூடம் 3,000, மைக் செட் 4,000, வண்டி 900, மாயவரம் போக்குவரத்து 1,000, ஜமுக்காளமும் தேநீரும் 1,000. கலைஞர்களுக்குத் தலா 3,500. கையில் மிஞ்சியது 1,000. கலைஞர்களுக்கான தொகையை வாசிப்புக்கு முன்பே, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். இந்த ஒன்றில் மட்டும் நீ வளைந்துகொடுக்கவே கூடாது. கூட்டம் வருமா என்ற கவலையை வாசிக்க வருபவர் தலையில் ஏற்றுவது அறமாகாது. அந்தக் கவலை நடத்துபவனுடையது. அதனால்தான் நால்வரிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டு பிறகு தேதி குறித்தேன்.

அழைப்பிதழில் ‘பரிசோதனை இசை’ என்று நான் போடவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால் தம்மைச் சோதிக்கப் போகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பாட்டும் ராகமும் தாளமும் இராது, மூன்று வகை ஒலிகளை அருகிலிருந்து கேட்கலாம், எட்டரைக்கு முடியும், நடுவில் எழுந்து போக விரும்பினால் கதவு திறந்திருக்கும் என்று நான்கு வரி எழுதினேன். எழுந்து போனவர் மூவர். எஞ்சியவர்களில் பாதிப்பேர் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் திரைப்பட ஒலிப்பதிவில் பணிபுரிபவர்களும் ஓவியக் கல்லூரி மாணவர்களும். பெரும்பாலோரைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தேன். இந்த அளவு நிகழ்ச்சிக்குச் சுவரொட்டியால் பயன் அதிகமில்லை.

ஒத்துக்காரரைச் சித்திரையில் திருச்சிக்கு அழைக்கலாமா என்று கேட்டேன். கோயில் உற்சவங்களுக்கு நடுவே இரண்டு நாள் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சித்திரையில் உன் ஊரில் விசிறியை நிறுத்த முடியுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தில்லைநகரில் நீ பார்த்து வைத்திருக்கும் கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போய், விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திரு. காதில் விழும் ஒவ்வோர் ஓசையையும், அது எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்