ஜாம் போத்தலுக்குள் ஒரு கல்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

போன ஞாயிறு அலுமாரியை ஒதுக்கும்போது பழைய ஜாம் போத்தல் ஒன்று அகப்பட்டது. 2021 கடைசியில் கொழும்புக்கு வடக்கே சரக்குவக் கரையில் நான் பொறுக்கிய கட்டி அதற்குள் கிடக்கிறது. எள்ளுருண்டையைக் கடித்துவிட்டு உள்ளே பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு தோற்றம். கருகி உருகிய உடம்பில் வெள்ளை மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. நடுவே மணல், ஒரு சிப்பித் துண்டு, வலைக்கயிற்றின் பச்சை நார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கல்லா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாள்.

அந்த ஆண்டு மே 20 அன்று கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியதும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டுண்டதும், ஆமைகள் செத்து ஒதுங்கியதும் உனக்கு நினைவிருக்கும். அந்தத் தீயின் மிச்சம்தான் இது.

மகள் கேட்ட கேள்வியை ஹவாய்த் தீவின் கமிலோ கரையில் முன்பே கேட்டுவிட்டார்கள். கனடாவின் கலைஞர் கெல்லி ஜாஸ்வாக்கும் புவிச்சரிதவியலாளர் பட்ரீசியா கோர்க்கரனும் அங்கே போய், தீயில் உருகிய பிளாஸ்டிக் மணலையும் பவளத்தையும் எரிமலைக் கல்லையும் கவ்விக்கொண்டு இறுகிய கட்டிகளைச் சேகரித்தார்கள். 2014இல் அதற்கு 'பிளாஸ்டிகுளோமெரேட்' என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜாஸ்வாக் அந்தக் கட்டிகளைச் செதுக்கவில்லை, வர்ணம் பூசவில்லை. கண்டெடுத்தபடியே காட்சிக்கு வைத்தார். 2015இல் பாரிஸ் நகரில் கலைஞர் ஒலாஃபர் எலியாசன், காலநிலை மாற்றத்தை உணர்த்த, கிரீன்லாந்தின் 12 பனிப்பாளங்களை உருகவிட்டதும் என்னைத் தொட்டதுதான். ஆனால் அந்தப் பனியை அங்கே கொண்டுபோய் வைத்தவன் மனிதன். இந்தக் கல்லை யாரும் செய்ய நினைக்கவில்லை. நாம் எறிந்ததை இயற்கை வாங்கித் தன் மணலோடு பிசைந்து திருப்பித் தந்திருக்கிறது.

சித்திர ஆசிரியனாக எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கண்ணீர் விடும் பூமியை வரைகிறார்கள், அல்லது கோபமுகம் கொண்ட அலையை. இயற்கை அழுவதாகவும் பழிவாங்குவதாகவும் காட்டும்போது அதை நம்மைப் போன்ற ஒரு மனிதனாக்கிவிடுகிறோம். அதன் பதில் முகத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. செவ்வாயன்று போத்தலை மேசையில் வைத்து, கண்ணீரும் வாசகமும் வேண்டாம், இதைப் பார்த்து வரையுங்கள் என்றேன். ஒரு பையன் முழுப் பாடவேளையும் ஒரே மூலையோடு மல்லுக்கட்டினான். பிளாஸ்டிக் மணி எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று அவனால் கோடு போட முடியவில்லை. அந்தப் படத்தை முடிக்காமலே வாங்கி வைத்திருக்கிறேன்.

தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று உன் வகுப்பில் சொல்லிக்கொடுப்பாயே, இதை எந்தத் தட்டில் வைப்பாய்? தம்பி அடுத்த மாதம் யாழ்தேவியில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகள் மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்