வீட்டு பாலிசியில் படகு அடங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தமிழர்களின் வார இறுதிப் பொழுதுபோக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஹூஸ்டனுக்குத் தெற்கே கிளியர் லேக் கரையில் குடியிருப்பவன் என்பதால், படகு பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது: "படகுக்குத் தனி இன்ஷூரன்ஸ் தேவையில்லை, வீட்டு பாலிசியே பார்த்துக்கொள்ளும்."

கயாக், சின்னத் துடுப்புப் படகு என்றால் ஓரளவு சரி. இன்ஜின் வைத்த படகுக்கு இது சரிவராது. இங்கே பெரும்பாலான வீட்டு பாலிசிகளுக்கு அடிப்படையாக இருக்கும் படிவத்தில் படகு, அதன் இன்ஜின், டிரெய்லர், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்கமான உச்சவரம்பு 1,500 டாலர். இன்றைக்கு ஒரு நல்ல டிரெய்லரே அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தத் தொகையும் லேசில் வராது. காற்றில் சேதமானால், படகு நாலு பக்கமும் மூடிய கட்டடத்துக்குள் நின்றிருக்க வேண்டும். மரினா எனும் படகுத்துறையில் கட்டியிருந்தாலோ வாசலில் நிறுத்தியிருந்தாலோ பைசா கிடையாது. வீட்டு எல்லைக்கு வெளியே திருடு போனாலும் அப்படியே. நீரில் மூழ்குவது என்பது அவர்கள் ஈடுகட்டும் ஆபத்துகளின் பட்டியலிலேயே இல்லை. இன்னொருவரை இடித்துவிட்டால்? படகின் பின்புறம் வெளியே மாட்டும் உங்கள் அவுட்போர்டு இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தாண்டினால், அந்தப் பொறுப்பையும் வீட்டு பாலிசி ஏற்காது.

சில கம்பெனிகள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு இந்த வரம்புகளைத் தளர்த்துவதுண்டு. ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

தனி பாலிசி எடுத்துவிட்டால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். 2019-ல் 24 அடிப் படகு ஒன்றைப் பழசாக வாங்கினேன். டெக்சாஸில் படகுக்கு இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. மரினாக்காரர் கேட்டதால் எடுத்தேன். நான்கைந்து கம்பெனிகளில் விசாரித்துப் பிரீமியம் குறைவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். காய்கறி வாங்குவதுபோல இதையும் பேரம் பேசி வாங்கியதுதான் நான் செய்த தப்பு.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடியற்காலை பெரில் புயல் மாடகோர்டா அருகே கரையேறியது. முந்தைய நாளே போய்க் கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டிவிட்டு வந்திருந்தேன். புயல் ஓய்ந்து போய்ப் பார்த்தால் படகு ஒரு கீறலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. மீனாட்சியம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிருந்தது, மரினாவும் இருட்டு. வியாழக்கிழமை போன் வந்தது: படகின் பின்பாதி தண்ணீருக்குள்.

படகின் அடிவயிற்றில் கசிந்து சேரும் நீரை ஒரு சிறு பம்பு இறைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு பேட்டரி, பேட்டரிக்குக் கரையிலிருந்து வரும் மின்சாரம். கரண்ட் போனது, பேட்டரி தீர்ந்தது, பம்பு நின்றது. இது புயல் சேதம்தானே என்று கிளெய்ம் போட்டேன். ஆய்வுக்கு வந்தவர் பின்பக்கம் மீன் தொட்டிக்குப் போகும் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பிடித்து அறுந்திருந்ததைக் காட்டினார். தண்ணீர் வந்தது அந்த வழியாக. பல நாளாகவே வந்திருக்க வேண்டும், பம்பு இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஆக, மூழ்கியதற்குக் காரணம் தேய்மானம், புயல் அல்ல. தேய்மானத்துக்கும் அதன் விளைவுக்கும் ஈடு இல்லை என்று பாலிசியிலேயே இருந்தது. கோபம் வந்தாலும், அவர் சொன்னதில் பொய் இல்லை.

இதற்குத் தனி ஏற்பாடு உண்டு. தேய்ந்த பொருளால் வரும் தொடர் சேதத்துக்கான ஈடு என்று கேட்டு வாங்க வேண்டும். அது இருந்தால் ஐந்து டாலர் கிளாம்ப்புக்குக் காசு தரமாட்டார்கள், மூழ்கிய படகுக்குத் தருவார்கள். என் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஆண்டுக்கு எண்பது டாலர் மிச்சம் பிடித்திருக்கிறேன்! படகுகள் ஓடும்போது மூழ்குவதைவிடக் கட்டிக்கிடக்கும்போது மூழ்குவதுதான் அதிகம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூழ்கிய படகை அப்படியே விட்டுவிடவும் முடியாது. மரினா ஒப்பந்தப்படி தூக்கி அகற்றுவது உரிமையாளர் பொறுப்பு. என் பாலிசியில் அந்தச் செலவு படகின் ஈட்டுத்தொகைக்குள்ளேயே அடக்கம்; ஈடே இல்லை என்றானபின் அதுவும் என் தலையில் விழுந்தது. டேங்கிலிருந்து கசிந்த பெட்ரோலைச் சுத்தம் செய்த செலவை மட்டும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டிலிருந்து கொடுத்தார்கள். நல்ல பாலிசிகளில் தூக்கும் செலவு தனிக் கணக்காக இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பு விஷயத்திலும் ஏமாறக்கூடாது. முன்கூட்டியே கம்பெனியும் நாமும் ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால், படகு முழுதும் போனால் அந்தத் தொகை அப்படியே வரும். அன்றைய சந்தை மதிப்பு என்றால் தேய்மானம் கழித்துத்தான். முதல் வகைக்குப் பிரீமியம் கூடுதல். பெரில் போல வானிலை மையம் பெயரிட்ட புயல் என்றால் நாம் ஏற்கவேண்டிய பங்கு படகு மதிப்பில் சதவீதமாக மாறிவிடுவதும் கடலோர பாலிசிகளில் சகஜம்: 40,000 டாலர் படகுக்குப் பத்து சதவீதம் என்றால் முதல் 4,000 நம்முடையது. மிச்சிகன், மின்னசோட்டா வாசகர்களுக்குப் புயல் கவலை இல்லை. குளிரில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து இன்ஜின் விரிசல் விட்டால் என்ன நிலை என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இப்போது என்னிடம் இருப்பவை இரண்டு கயாக்குகள். வீட்டு பாலிசியில் அடங்கும் என்று எழுதி வாங்கிவிட்டேன். கராஜுக்குள், கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லீக் சிட்டி வாசகர், டெக்சாஸ்