அழைப்பு இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், ஊழியத்துக்குப் போகிறவனுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். பேதுருவும் யோவானும் படிப்பறியாத மீனவர்கள், அவர்களை ஆண்டவர் எந்தக் கல்லூரிக்கு அனுப்பினார் என்பது அவர் வாதம். கேள்வி சரிதான். ஆனால் அந்த மீனவர்கள் வலையைக் கைவிட்டு, வீடு வாசலை விட்டு, ஏறக்குறைய மூன்று வருடம் தங்கள் குருவோடேயே சுற்றியவர்கள். கேட்டார்கள், தப்பாகப் புரிந்துகொண்டார்கள், திட்டு வாங்கினார்கள், மறுபடியும் கேட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் இளங்கலைப் படிப்பும் மூன்று, நான்கு வருடம்தான். அந்த வாசகர் தமக்கு எதிரான உதாரணத்தைத் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் சபைக்குப் பொருளாளர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் தொடங்கிய சபை, இன்று ஊருக்குள் இருக்கிறது. எங்களுக்கும் இன்னும் இரண்டு சபைகளுக்கும் சேர்த்து ஒரே போதகர். ஈப்போவிலிருந்து அவர் வருவது மாதம் இரண்டு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் மூப்பர் யாராவது பேசுவார், இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அழைப்போம். அப்படி அழைத்த ஒருவரால்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் சபைக் குடும்பங்கள் சில இருந்த தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வீடு என்ன ஆகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று எல்லாரும் தவித்துக்கொண்டிருந்த நேரம். அன்று பேச வந்தவர் எரேமியா 29-ஆம் அதிகாரத்தில் அந்தப் பிரபலமான 11-ஆம் வசனத்தை எடுத்தார். நம் வீட்டுக் காலண்டர்களில் எல்லாம் இருக்குமே, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று, அதுதான். எடுத்துவிட்டு, இந்த வருடம் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் சொந்த வீடு என்று சொன்னார். ஆமென் என்ற சத்தத்தில் கூரை அதிர்ந்தது. நானும்தான் சொன்னேன். வருடம் முடிந்தது. இரண்டு குடும்பங்கள் உறவினர் வீட்டில், ஒரு குடும்பம் வாடகை வீட்டில். ஓர் அம்மா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். என் விசுவாசம்தான் போதவில்லை போலிருக்கிறது என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில், இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் களப்பணிக்காக எங்களிடம் வந்தான். இருபத்தி மூன்று வயதுகூட இருக்காது. வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் அதே அதிகாரத்தைத்தான் திறந்தான். பதினொன்றிலிருந்து ஆரம்பிக்காமல் முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னான். அது ஒரு கடிதமாம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு, கி.மு. 597-க்குப் பிறகு எரேமியா அனுப்பியது. அதில் முதலில் சொல்லியிருப்பதே, போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுங்கள் என்பதுதான். பத்தாம் வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுத்தவர் அவர். எரேமியா அவரைப் பொய் சொல்கிறீர் என்று முகத்துக்கு நேராகக் கண்டித்தார்.

அன்று இரவு கூட்டத்தில் ஆமென் சத்தம் எதுவும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும், "அப்ப நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான்யா அந்தக் கடுதாசி" என்றார். கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்த அந்த அம்மாவை அடுத்த வாரம் அந்தப் பையனே போய்ப் பார்த்தான். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்ப வந்தார்.

முதலில் வந்தவருக்கு அழைப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், நல்ல குரல். ஆனால் ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கிற இடம்தான் கல்லூரி.

அங்கே என்னதான் படிக்கிறார்கள் என்று அந்த மாணவனிடம் கேட்டேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, கோட்பாடு, பிரசங்கம் தயாரிப்பது, நோயாளியையும் துக்க வீட்டையும் சந்திப்பது, மற்ற சமயங்களைப் பற்றிய பாடம், வார இறுதியில் ஏதாவது ஒரு சபையில் வேலை என்று அடுக்கினான். கிரேக்கமும் எபிரெயமும் வேறு. மொழிதான் ரொம்பப் படுத்துகிறது என்று சிரித்தான். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்ட கேள்வியில், கிரேக்க மூலத்தில் முதல் இரண்டு முறை ஒரு வினைச்சொல், மூன்றாவது முறை வேறொரு வினைச்சொல் என்று காட்டினான். நம் தமிழ் வேதாகமத்திலும் அன்பாயிருப்பது, நேசிப்பது என்று இரண்டு சொல் வருகிறது. அறுபது வருடமாக வாசிக்கிறேன், கவனித்ததே இல்லை. உடனே நான் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்யலாம் போலிருக்கிறதே என்றேன். அவசரப்படாதீர்கள் அங்கிள், அந்த வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தம் இல்லை என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள் என்றான். அதுதான் எனக்குப் பிடித்தது.

இதில் தமிழ் விஷயம் ஒன்றும் உண்டு. நாம் வாசிக்கிற பவர் ஐயரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு 1871-ஆம் ஆண்டினது. கிருபாதாரபலி (பாவம் தீர்க்கும் பலி), விருத்தசேதனம் (சுன்னத்து) என்றெல்லாம் வரும்போது மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். (விருத்தசேதனம் என்றால் என்ன என்று ஒரு பொடியன் ஞாயிறு பள்ளியில் கேட்டபோது ஆசிரியை, பிள்ளைகளுக்கு வைத்திருந்த மீகூன் நூடுல்ஸ் ஆறிவிடும் என்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.) இதை விளக்கிச் சொல்லவும் மொழி படித்தவர் வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியில் இறையியல் படித்துவிட்டு வந்தவர். ஆனாலும் திண்ணைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் ஆனா ஆவன்னா எழுதினார். அழைப்பு இருக்கிறது, மற்றதை ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் இருந்துவிடவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

என் அண்ணன் மகன் ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். விளம்பரத் தாளில் அனைத்துலக அங்கீகாரம் பெற்ற பட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அண்ணன் தன் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டினார். படிப்பு முடிந்தது. ஊழியத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, குடும்பச் சூழ்நிலையால் வேறு வேலைக்கு மனுப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அங்கீகாரம் இறையியல் கல்விச் சங்கம் ஒன்று கொடுத்தது. வேறொரு இறையியல் கல்லூரியில் மேல்படிப்புக்குப் போக அது செல்லும். நம் நாட்டில் பட்டங்களுக்குத் தகுதி கொடுக்கிற எம்கியூஏ (மலேசியத் தகுதிகள் முகமை) பட்டியலில் அந்தப் படிப்பு இல்லை. பிடிபிடிஎன் என்கிற அரசின் உயர்கல்விக் கடன் அந்தப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்குத்தான். சேரும்போதே கடன் கிடைக்காது என்று சொன்னபோதாவது நாங்கள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கர்த்தருடைய காரியத்தில் இதையெல்லாம் கேட்பதா என்ற கூச்சம்.

கேட்க வேண்டும். பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோர், அங்கீகாரம் கொடுத்தது யார், அது எதற்குச் செல்லும், எந்த மொழியில் பாடம், மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எம்டிவ் (இறையியல் முதுகலை) என்றால் ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருப்பவர்களுக்கானது. எஸ்டிபிஎம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு, முடித்த பிள்ளைக்கு பிடிஎச் (இறையியல் இளங்கலை) போன்ற இளங்கலைதான். இதுகூடத் தெரியாமல் மனு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செரம்பானில் உள்ள செமினாரி தியோலோஜி மலேசியா என்கிற இறையியல் கல்லூரி, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் சேர்ந்து 1979-இல் தொடங்கியது. பினாங்கில் பாப்டிஸ்ட் சபையின் இறையியல் கல்லூரி அதைவிடப் பழையது. நேரில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

அண்ணனைக் குறை சொல்வதைவிட என் மேலேயே எனக்குக் கோபம். அந்தப் பையனை மேடையில் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து, மாலை போட்டு அனுப்பியது எங்கள் சபை. கட்டணத்தில் எங்கள் பங்கு, வழியனுப்பு விழாவில் விழுந்த காணிக்கை மட்டும். அவன் படித்து வந்தால் பலன் எங்களுக்கு, படிப்பின் பாரமெல்லாம் அவன் அப்பாவுக்கு. ஒலிபெருக்கிக்கும் டிரம்ஸுக்கும் நாங்கள் செலவழித்த கணக்கு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் எங்கள் சபையில் ஒரு பெண் பிள்ளை எஸ்டிபிஎம் முடித்துவிட்டு இறையியல் படிக்க வேண்டும் என்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஊழியம் என்று அவள் மாமா ஒருவர் கேட்டார். மெதடிஸ்ட் சபையில் பெண் போதகர்கள் இருப்பதை அவருக்குச் சொன்னேன், அரைமனதாகத் தலையாட்டினார். அப்பா லாரி ஓட்டுகிறவர். எங்களிடம் நாற்பத்தி இரண்டு குடும்பம். குடும்பத்துக்கு மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 630 வெள்ளி வரும். அது முழுச் செலவுக்குப் போதாது, மீதிக்கு மற்ற இரண்டு சபைகளிடமும் போய்க் கேட்க வேண்டும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவில் இதை முன்வைக்கப் போகிறேன். டிரம்ஸ் வாங்கியபோது எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. இது எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு சபைப் பொருளாளர்,
சுங்கை சிப்புட், பேரா