கழுத்து கறுத்த பிறகு அடிக்கும் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பெங்களூரு பதிப்பின் வேளாண் பக்கத்தில் நெல் குலை நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இலையில் புள்ளியைப் பார்த்ததும் ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சை மருந்தை அடியுங்கள், பூஞ்சை செத்துவிடும் என்று இருந்தது. சாகாது சார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஹெப்பாள் பக்கம் ஓர் ஆய்வகத்தில் 22 வருடம் பூஞ்சை வளர்க்கும் அகார் கூழைக் காய்ச்சித் தட்டில் ஊற்றியவன், அவ்வளவுதான். ஆனால் தட்டில் என்ன வளர்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சமாவது மண்டையில் ஏறும் இல்லையா? இந்தப் பூஞ்சைகள் செடிக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் உருமாற வேண்டும். மக்காச்சோளத்தில் கரிப்பூட்டை நோய் உண்டாக்கும் உஸ்டிலாகோ மேய்டிஸ் என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக விட்டால் பேக்கரி ஈஸ்ட் மாதிரி மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும், செடியை ஒன்றும் செய்யாது. பொருத்தமான இரண்டு வகைகளைக் கரித்தூள் கலந்த அகாரில் ஒரே இடத்தில் சொட்டு வைத்தால், இரண்டொரு நாளில் அந்தக் கறுப்புத் தட்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கும். அந்தப் பஞ்சுதான் இழை. செடிக்குள் நுழைவது அதுதான். ஏ என்ற இடத்து மரபணுக்களால் இரண்டும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்துச் சேர்கின்றன. அப்புறம் பி என்ற இடம். அங்கே உருவாகும் இரண்டு புரதங்கள், ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்தால்தான் ஜோடி சேரும், சேர்ந்தால்தான் மொட்டு நின்று இழை கிளம்பும். துணையிடமிருந்து வரவேண்டிய மரபணுக்களை ஆய்வகத்தில் ஒரே செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள், அது ஒண்டியாகவே மக்காச்சோளத்தைத் தாக்கியது. (மெக்சிகோவில் அந்த நோய்க்கட்டியைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் சொன்னேன், யாரும் நம்பவில்லை.)

குலை நோய்ப் பூஞ்சை உருமாறுவது வேறு விதம். ஈர இலையில் விழுந்த பூஞ்சை வித்து (ஸ்போர்) ஒரு சின்னக் குழாயை நீட்டும், அதன் நுனி குமிழ் மாதிரி உப்பும், உள்ளே மெலனின் என்ற கறுப்பு நிறமி பூச்சாக ஏறும். பிறகு அந்தக் குமிழுக்குள் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்குக்கு ஏறி, அந்த வேகத்தில் இலையைத் துளைக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டில் விட்டாலும் இலை என்று ஏமாந்து குமிழ் கட்டும், நானே பார்த்திருக்கிறேன். பிஎம்கே1 என்ற மரபணுவை நீக்கினால் வித்து முளைக்கும், இழை வளரும், ஆனால் குமிழ் கட்டாது; இலையில் காயம் போட்டு வைத்தாலும் நோய் வராது. இது 1996-லேயே வெளிவந்த விஷயம்.

இப்போது மருந்துக்கு வருவோம். ட்ரைசைக்ளசோல் அந்த மெலனினைத்தான் தடுக்கிறது. மெலனின் இல்லையென்றால் அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே போய்விட்டதை அது ஒன்றும் செய்வதில்லை. புள்ளி விழுந்த இலைக்கு இனிமேல் பயனில்லை, அடுத்த இலைக்கு வேண்டுமானால் காவல். இந்த வித்தியாசத்தை நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன் என்றால், தருமபுரி பக்கம் ராகி போட்டிருக்கும் என் தம்பி உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடியிருக்கிறான். ராகிக் குலை நோயும் இதே குடும்பம்தான். அவன் அனுப்பிய படத்தில் கதிரின் கழுத்தே கறுத்துப்போயிருந்தது. நான் போன் பண்ணுவதற்குள் இரண்டு டேங்க் அடித்து முடித்துவிட்டான். கதிர் வெளியே வருவதற்கு முன்பே அடித்திருக்க வேண்டியது, இப்போது எதற்கு என்று கேட்டேன். "பேப்பரில் போட்டிருக்கிறதே அண்ணா" என்கிறான். அடுத்த முறை மருந்தின் பெயரைப் போடும்போது, அது பூஞ்சையின் எந்த வேலையைத் தடுக்கிறது, எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
பெங்களூரு