‘சோமாலியா மாதிரி’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் குழந்தைகளின் எடை பற்றி வந்த கட்டுரையில், சரியாகச் சாப்பிடாத பையன் ‘சோமாலியா பிள்ளை மாதிரி’ இருக்கிறான் என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான், நானும் சின்ன வயதில் ஒல்லியாக இருந்த நண்பனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கென்யாத் தலைநகர் நைரோபியில் சோமாலியர்கள் நிறைந்த ஈஸ்ட்லி பகுதியில் ஆறு வருடம் குடியிருந்து, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகு அந்த வரியைப் படிக்க எனக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சம் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1992லும் வந்தது, 2011லும் வந்தது. 2011 பஞ்சத்தில் மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் செத்துப்போனார்கள், அதில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மழை பொய்த்தது ஒரு காரணம், 1991ல் தொடங்கிய உள்நாட்டுப் போரும் வெளியிலிருந்து வந்த உதவியை உள்ளே விடாத ஆயுதக் குழுக்களும் இன்னொரு காரணம். 2011ல் முதலில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ஒன்று சோமாலியாவின் தெற்கே உள்ள கீழ் ஷபெல்லே. ஆற்றுப் பாசனத்தில் வாழையும் சோளமும் எள்ளும் விளைகிற மண் அது, போருக்கு முன்னால் அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பல் கப்பலாக வாழைப்பழம் போனது. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் பசியில் செத்ததை நாம் இங்கே கேலிக்குப் பயன்படுத்துகிறோம்.

சரி, அவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள்? காலையில் அன்ஜேரோ. வடக்கே லஹோஹ் என்பார்கள். முதல் நாள் ராத்திரியே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, விடிந்ததும் கல்லின் நடுவில் ஊற்றிக் கரண்டியின் அடியால் சுற்றிச் சுற்றி இழுத்துவிட்டு மூடி வைக்கிறார்கள். திருப்பிப் போடுவது கிடையாது, மேல்பக்கம் ஆப்பம் மாதிரி கண் கண்ணாக வெந்து வரும். எங்கள் கீழ் வீட்டு அம்மா கல்லில் மாவை இழுக்கிற அந்தக் கை அசைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் ஆச்சி ஞாபகம்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிய்த்துப் போட்டு நெய்யும் சர்க்கரையும் சேர்த்து மேலே ஏலக்காய் டீயை ஊற்றிப் பிசைந்து ஊட்டுவார்கள், பெரியவர்கள் ஈரல் வறுவலோடு சாப்பிடுவார்கள்.

மத்தியானச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த பொடிக்கு ஹவாஷ் என்று பெயர், அதைப் போட்டு ஆட்டிறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைப்பார்கள். பெரிய தட்டில் கொட்டி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வலது கையால் சாப்பிடுவார்கள், பக்கத்தில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். முதல் நாள் நான் பழத்தைக் கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்தேன். அந்த அம்மா அதை எடுத்து உரித்து என் கையில் கொடுத்து, ஒரு வாய் சோறு, ஒரு கடி பழம் என்று செய்து காட்டினார்கள். உறைப்புக்கும் அந்த இனிப்புக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது சாப்பிட்டால்தான் தெரியும். இத்தாலிக்காரர்கள் ஆண்ட தெற்குப் பகுதியிலிருந்து வந்த பாஸ்தாவும் அந்த வீட்டில் அடிக்கடி உண்டு, அதோடும் வாழைப்பழம்தான். நோன்பு மாதத்தில் சம்பூஸ், அதாவது நம் சமோசா, இல்லாமல் ஒரு மாலையும் போகாது.

நான் அதிகம் சொல்ல நினைப்பது முக்மத் பற்றி. இறைச்சியை நீளநீளமாக வெட்டி வெயிலில் காயவைத்து, பிறகு பொடிப்பொடியாக நறுக்கி வறுத்து நெய்யில் மூழ்க வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒட்டகத்தோடு தண்ணீர் தேடி நடக்கிறவர்கள் வறட்சியை எண்ணிச் செய்து வைத்த சேமிப்பு இது. பால் பாத்திரத்தைக்கூட அவர்கள் எரிகிற கட்டையால் உள்ளே புகை பிடித்து வைத்துத்தான் ஒட்டகப்பாலை ஊற்றுவார்கள், பால் சீக்கிரம் கெடாமல் இருக்கத்தான் அது. வடக்கே கல்யாணத்தில் பெண் வீட்டார் இந்த முக்மத்தைப் பேரீச்சம்பழத்தோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, அதற்குத் துணி சுற்றி மணப்பெண் போலவே அலங்கரித்து, கயிற்றால் முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டி விடுவார்கள். ஹேடோ என்று அதற்குப் பெயர். ஏழாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் கயிற்றை அறுக்காமல் அவிழ்த்தாக வேண்டும், முடியாவிட்டால் அபராதம், அப்புறம் ஒரே பாட்டும் சிரிப்பும்தான்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது, ராத்திரியில் சிவப்புப் பயற்றை மெதுவாக வேகவைத்து நல்லெண்ணெயும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடுகிற அம்புலோ, அந்த எண்ணெயை ஆட்ட ஒட்டகம் சுற்றுகிற செக்கு, கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் கிண்டுகிற ஹல்வோ, சாப்பிட்டு முடித்தபின் வீடு முழுக்கப் பரவுகிற சாம்பிராணிப் புகை.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த வார்த்தையை இனி உங்கள் பக்கங்களில் அனுமதிக்காதீர்கள். அதோடு, அதே இணைப்பிதழின் சமையல் பக்கத்தில் ஒரு வாரம் அன்ஜேரோ செய்முறையைப் போடுங்கள். கீழ் வீட்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்பி வைக்கிறேன். தனியாக எந்தச் சாமானும் வாங்க வேண்டியதில்லை, நம் வீட்டுத் தோசைக்கல்லும் ஒரு மூடியும் போதும்.

இப்படிக்கு,
நெல்லை வாசகர் ஒருவர்