ஒற்றையாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழை வந்தால் கூடும், வெயில் வந்தால் குறையும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீ தட்டில் வைத்துக் கறி வெட்டுகிற ஸ்டேக் கத்தி பற்றிக் கேட்டு மெசேஜ் அனுப்பி இன்றோடு மூன்று வாரம். அன்றைக்கே போன் பண்ணினேன், எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. சரி, வேலை இருக்கும். போனில் டைப் பண்ண எனக்கு வராது, அதனால் தாளில் எழுதி நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்து தெரியாவிட்டால் சொல்.

நீ கனடாவில் கால்கரி போன இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. விசா, வீட்டு லோன், கார், எல்லாம் நீயே பார்த்துக்கொண்டாய். அதில் எனக்குப் பெருமைதான், கோவில் வாசலில் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கத்தி எனக்குத் தெரியும். கப்பல் அடுப்படியில் 22 வருஷம், சனிக்கிழமை ராத்திரி ஆபீசர் மெஸ்ஸுக்கு ஸ்டேக் போடுவோம், கத்திகளை எண்ணி எடுத்து எண்ணித் திருப்பி வைப்பது என் பொறுப்பு.

மெயின்டனன்ஸே இல்லாத கத்தி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஒன்று கிடையாது தம்பி. கம்மியாக வேலை வைக்கிற கத்தி இருக்கிறது. ஸ்டேக் கத்தி கெட்டுப்போவது கறியால் இல்லை, தட்டால். பீங்கான் தட்டின் மேல்பூச்சு இரும்பைவிடக் கடினம், ஒவ்வொரு வெட்டும் கடைசியில் அதில்தான் போய் முட்டும், பல் இல்லாத நேர் வாய்க் கத்தி என்றால் பத்துச் சாப்பாட்டில் வாய் மடங்கிவிடும். பல் வைத்த கத்தியில் பல்லின் நுனி மட்டும்தான் தட்டில் படும், இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள குழிவு படாமல் கூராகவே இருக்கும். அதனால் உனக்கு வேண்டியது பல் கத்திதான். ஆனால் இரும்பு அறுக்கிற பிளேடு மாதிரி பொடிப்பல் வைத்ததை வாங்காதே, அது கறியைச் சுரண்டும், தேய்ந்தால் வீட்டில் வைத்துச் சரிபண்ணவும் முடியாது. அலை அலையாக அகலப் பல் இருக்கிறதைப் பார்.

நேர் வாய்க் கத்தி ருசி வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். கறி கிழியாது, சாறு தட்டில் ஓடாது, வெட்டின இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் மாசம் ஒரு தடவையாவது அதைத் தீட்ட வேண்டும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும் பார், அதில் நாலு இழு இழுத்தால் போதும். நீ செய்ய மாட்டாய். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடவே உன்னை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இரும்பைப் பார்த்து வாங்கு. ஜெர்மன் கத்தி என்றால் சில கம்பெனிக்காரர்கள் இலையிலேயே, அதாவது வெட்டுகிற தகட்டிலேயே, எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்று பொறித்திருப்பார்கள். 50 என்பது அரை சதவீதம் கார்பன், 15 என்பது 15 சதவீதம் குரோமியம். கார்பன் பதம் தருகிறது, குரோமியம் துரு வராமல் பார்த்துக்கொள்கிறது, வீட்டுக்கு அது போதும். 18/10 என்று போட்டிருந்தால் அது ஸ்பூனுக்கும் முள்கரண்டிக்கும் உள்ள எவர்சில்வர், அதைப் பதம் ஏற்ற முடியாது, கத்தி வாய்க்கு ஆகாது. ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் ஊர்ப் பெயர் போட்டிருந்தால் நம்பலாம், அந்த ஊர்ப் பெயரைக் கண்டவன் போடக்கூடாது என்று 1938-லேயே சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். லாகியோல் என்று எழுதி, பிடிப் பக்கம் தேனீ வைத்து வரும், லாயோல் என்று சொல்ல வேண்டும், பிரான்சில் ஒரு கிராமம். அந்தப் பெயரையும் தேனீயையும் எந்த ஊரில் செய்கிறவனும் போட்டுவிடுகிறான், பெயரைப் பார்த்து ஏமாறாதே. நான் ஒரு துறைமுகத்தில் அப்படித்தான் பெட்டியைப் பார்த்து மயங்கி ஆறு வாங்கி வந்தேன், அம்மா பரண்மேல் வைத்திருக்கிறாளே, அதேதான், இரண்டாவது கிறிஸ்துமஸுக்கே பிடி ஆடிவிட்டது.

பிடி மரமாக இருந்தால் அழகு, ஆனால் டிஷ்வாஷரில் போட்டால் மரம் ஊதி, காய்ந்து, பிளக்கும், ஆணி லூசாகும். உனக்குப் பிளாஸ்டிக் பிடி நல்லது. விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் கம்பெனியில் 11 சென்டிமீட்டர் இலை, அலைப் பல், கறுப்புப் பிடி, அதை வாங்கு. விலையும் கம்மி. டிஷ்வாஷரில் போடலாம் என்பார்கள், போடாதே. உப்புக் கறியோடு ஈரத்தில் கிடந்தால் நல்ல இரும்பிலும் புள்ளி விழும், பாத்திரத்தோடு மோதி வாயும் போகும். சாப்பிட்டதும் கழுவு, துடை, வை. அரை நிமிஷம். சிங்கில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று மட்டும் விடாதே. கழுவித் துடைத்துவிடு, அவ்வளவுதான் நான் சொல்வது.

விக்டோரினாக்ஸ் ஒற்றையாகவும் கிடைக்கும். நீ கேட்டது அதுதானே.

ஈஸ்டருக்குப் பேசும்போது ஆறு உள்ள செட் ஒன்று பார்த்திருக்கிறோம், ஜெனிக்குப் பிடித்திருக்கிறது என்றாய். இப்போது ஒற்றையாகக் கிடைக்குமா என்கிறாய். அம்மாவிடம் கத்தி கேட்டாய் என்று மட்டும் சொன்னேன், ஒன்று என்று சொல்லவில்லை. அவள் ஆறு பேர் சாப்பிட்டால் கறி எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாப்பா வீட்டில் இருந்தால் முனை உருண்டையாக இருக்கிற கத்தியும் வருகிறது, அதைப் பார். இருந்தால் என்று எழுதிவிட்டேன், அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

தம்பி, நான் உன்னைக் கேள்வி கேட்கத் தகுதி உள்ளவன் இல்லை. 1999-ல், நீ கையில் கட்டோடு இருந்த வருஷம், அம்மா இரண்டு கடிதம் போட்டாள், இந்தத் தடவை ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள் என்று. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினேன். அது பொய். சிங்கப்பூரில் மாற்று ஆள் பெட்டியோடு வந்து நின்றான். நான்தான் கேப்டனிடம் போய் இன்னும் ஆறு மாசம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தின லீவில் நாற்பது நாள் நானும் அம்மாவும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம், உனக்குத் தெரிந்திருக்கும், நீ சின்னப் பையன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போய் மறுபடி அந்த முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அந்த ஆறு மாசமும் சனிக்கிழமை எல்லாருக்கும் பரிமாறிவிட்டு ஒரு துண்டு கறியை எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே தின்றேன். உட்காரக்கூட இல்லை. நீ பள்ளிக்கூடத்துக்குக் கட்டுக் கையோடு போய் வந்ததை அம்மா ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டாள்.

போன வருஷம்தான் அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். மாற்று ஆளாக வந்தவன் மணப்பாட்டுக்காரன், அவன் வீட்டுக்காரி அப்போதே சந்தையில் வைத்துச் சொல்லிவிட்டாளாம். இருபது வருஷத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள்.

ஒன்று வாங்கினால் வாங்கு. நான் சொன்னால் இரண்டு வாங்கு, ஒன்று கழுவப் போட்டிருந்தால் இன்னொன்று இருக்கும். டிராயரில் மற்ற ஸ்பூன்களோடு சும்மா போடாதே, அட்டையை மடித்தாவது ஒரு உறை பண்ணு. கறியை அடுப்பிலிருந்து எடுத்த உடனே வெட்டாதே, ஐந்து நிமிஷம் விடு, நாருக்குக் குறுக்கே வெட்டு. உட்கார்ந்து சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு ராத்திரி. அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுவாள், நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். வீடியோ வேண்டாம் என்றால் வேண்டாம். ஜெனியைக் கேட்டதாகச் சொல், சொல்ல முடிந்தால்.

அப்பா